பால் கொடுத்தபின் படிக்கவும்

சான் ஹிலாரியோ, மலை
9 பிப்ரவரி 1954

அப்பாவுக்கு,

இரண்டு வருஷம் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். ஒரு மருந்துக்கடைக்காரரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்துக்கடைக்காரர் நீங்கள்தான்.

அக்டோபரில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அமாதா என்று பெயர் வைத்திருக்கிறோம். மூக்கு ருஃபினோவுடையது. குரல் யாருடையது என்று தெரியவில்லை. நம் வீட்டில் யாரும் இவ்வளவு சத்தமாக வாய் திறந்ததில்லை.

பத்து நாளாக எனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. வலது மார்பு சிவந்து, உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. இந்த நிலையில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, நிறுத்த வேண்டுமா? இதுதான் கேள்வி. இங்கே ஆளுக்கொரு பேச்சு. ருஃபினோவின் அக்கா பிரிசிதா எங்களோடுதான் இருக்கிறாள், மதினி என்று கூப்பிடுகிறேன். "காய்ச்சக்காரி பாலு அடுப்புல வெச்ச பாலு மாதிரிடி, புள்ள வயிறு வெந்து போயிடும்" என்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால் கொடுப்பவள் கோபப்படக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கோபப்பட்டால் அன்று சுரப்பது கோபப்பால். மூன்று முறை தரையில் பீய்ச்சிவிட்டு, வெயில் சாய்கிற வரை குழந்தையைத் தொடக்கூடாது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு ஏறும் என்று மதினிக்குத் தெரியும். அதனால் உங்கள் பதில் வந்தால் அவள் கையில்தான் போகும். அவளுக்குக் கொட்டை எழுத்து மட்டும் எழுத்துக் கூட்டத் தெரியும், சேர்த்து எழுதும் கூட்டெழுத்து தெரியாது. குழந்தை குடித்துத் தூங்கிய பிறகுதான் எனக்குக் கொடுப்பாள். ஆகவே கோபம் வராத மாதிரி எழுதுங்கள். முடியுமா என்று தெரியவில்லை. வாயைத் திறக்காமலேயே என்னைக் கோபப்படுத்தியவர் நீங்கள். கல்யாணத்தன்று காலை ஆசீர்வாதம் கேட்டு உங்கள் வாசலில் மண்டியிட்டேன். கதவின் உள்பக்கம் சாவி தொங்கியது. துவாரத்தில் பார்த்தேன்; உள்ளே இருந்துகொண்டே நீங்கள் திறக்கவில்லை.

ஒத்தீலியா

•

தெவாக்கான்
17 பிப்ரவரி 1954

அன்பு மகள் ஒத்தீலியாவுக்கு,

இதை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் கோபம் வரக்கூடிய வரிகள் இருந்தன. இதில் இல்லை என்று நம்புகிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உறையின் மேல் கொட்டை எழுத்தில் "பால் கொடுக்கும்போதே படிக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். கோபமோ துக்கமோ தரக்கூடிய கடிதமானால் "பால் கொடுத்தபின் படிக்கவும்" என்று எழுதுவேன். உன் நாத்தனாருக்குக் கொஞ்சம் வேலை குறையும்.

உன் கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவன் அல்லன், மருந்து விற்றவன். அதை மனத்தில் வைத்துக்கொள். வெந்நீரில் பிழிந்த துணியை வலது மார்பில் வைத்து, சூடு ஆறுவதற்குள் குழந்தையை அந்தப் பக்கமே முதலில் விடு. கட்டியிருக்கும் திசையை நோக்கிக் குழந்தையின் தாடை இருக்கட்டும். நிறைய நீர் குடி, சோளக்கஞ்சி குடி. இத்துடன் மாத்திரைகள் அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வெறும் வயிற்றில் வேண்டாம். காய்ச்சல் எந்நேரத்தில் ஏறுகிறது, கட்டி வலிக்கிறதா, நகர்கிறதா என்று எழுது.

பாலை நிறுத்தாதே.

நிறுத்தாதே என்பதை அடிக்கோடிட நினைத்தேன். அது அதட்டுவதுபோல் தோன்றலாம் என்று விட்டுவிட்டேன்.

குழந்தையின் குரல் யாருடையது என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவின் மாமா ஒருவர் சந்தையில் ஆடு ஏலம் விடுவார். மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அவராக இருக்கலாம்.

உன் தகப்பன்
ஃபெர்மின்

•

சான் ஹிலாரியோ
28 பிப்ரவரி

அப்பாவுக்கு,

உறையைப் பார்த்து மதினி சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடிவிட்டன. "என்னடி உங்கப்பன், மருந்து சீசாவுக்குச் சீட்டு ஒட்டுற மாதிரி கடுதாசிக்கும் ஒட்டியிருக்காரு! குலுக்கிட்டுக் குடிக்கணுமா, அப்பிடியேவா?" ஆனாலும் உடனே கொடுத்துவிட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே படித்தேன்.

காய்ச்சல் போய்விட்டது. கட்டி போகவில்லை. நீங்கள் கேட்டபடி பார்த்தேன்: வலிக்கவில்லை, நகரவில்லை. புளியங்கொட்டை இப்போது காப்பிப் பழக் கொத்து மாதிரி இருக்கிறது. அமாதா வலது பக்கத்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கையால் அறைகிறாள். இடது பக்கத்திலேயே வயிறு நிறைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் அம்மை குத்த வந்த நர்ஸ் என்னைத் தொட்டுப் பார்த்தாள். "பால நிறுத்திட்டு புவேப்லா பெரியாஸ்பத்திரிக்குப் போயிக் காட்டும்மா. சும்மா வெச்சுக்கிட்டு இருக்காத" என்றாள். மதினிக்கு இது போதும். மறுநாளே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கறவை ஆட்டைப் பிடித்துவந்து கட்டிவிட்டாள். ருஃபினோ மட்டும், "உங்கப்பா படிச்சவரு, அவரு சொல்றதக் கேப்போம்" என்கிறான். நீங்கள் வீட்டுக்குள் விடாத மருமகன் சொல்கிறான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. தலைவலிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம்கூட "எதற்கும் மருத்துவரைக் கேளுங்கள்" என்பவர் நீங்கள். இதில் மட்டும் எப்படி இவ்வளவு உறுதி? காரணம் சொல்லுங்கள். அடுத்த கடிதத்திலும் காரணம் இல்லையென்றால் அன்றைக்கே ஆட்டுப்பால்தான்.

ஒத்தீலியா

•

தெவாக்கான்
8 மார்ச்

ஒத்தீலியா,

உறையின் மேல் "பால் கொடுத்தபின் படிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். குழந்தை தூங்குகிறாளா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படி.

உனக்குப் பத்து வருஷம் முன்னால் உன் அம்மாவுக்கு ஒரு மகன் பிறந்தான். எலீசியோ. பிறவியிலேயே பலவீனமாக இருந்து இறந்துவிட்டான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் பலவீனமாக இல்லை. கடைத் தராசில் நானே நிறுத்தேன். மூன்று கிலோ எழுநூறு கிராம்.

1918 அக்டோபரில் அந்தப் பெருங்காய்ச்சல் ஊருக்குள் வந்தது. தேல்ஃபினா படுத்தாள். எலீசியோவுக்கு அப்போது ஏழு வாரம். எனக்கு முப்பது வயது, கை நிறையப் புத்தகங்கள். காய்ச்சல் கண்ட தாய் பாலூட்டுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று அவற்றில் ஒன்றில் இருந்தது. அவள் முடியாது என்றாள். சண்டை வந்தது. சண்டை என்றால், அவள் கத்தினாள், நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கடைசியாக ஒருமுறை கொடுத்துவிட்டுத் தருகிறேன் என்று அழுதுகொண்டே கொடுத்தாள். பிறகு நானே துணியால் அவள் மார்பை இறுக்கிக் கட்டினேன்.

டப்பாப்பாலை அளந்து, கொதித்த நீரில் கலந்து, கடையில் விற்ற ரப்பர் குழாய்ப் புட்டியில் கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் நேரம் குறித்தேன். புட்டியை வெந்நீரில் கழுவினேன். அந்த நீளக் குழாயின் உள்ளே எந்தத் தூரிகையும் எட்டாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பதினோராம் நாள் போய்விட்டான். தேல்ஃபினா பிழைத்துக்கொண்டாள்.

சண்டை போட்ட அன்று அவள் கொடுத்தது கோபப்பால், அதைக் குடித்துத்தான் பிள்ளை செத்தது என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். அவள் நம்பினாள். அடக்கம் முடிந்து வந்ததும் நான் அந்தக் குழாயைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே இருந்ததை எழுத வேண்டாம். எனக்கு அன்றே தெரியும். அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவள் என்னோடு வாழ்ந்தாள்.

நிறுத்தாதே என்று எழுதியதற்குக் காரணம் இதுதான். இது மருத்துவக் காரணம் ஆகுமா என்று எனக்கே தெரியாது.

ஃபெர்மின்

பி.கு. நர்ஸ் சொன்னபடி, காப்பிப் பறிப்பு முடிந்ததும், வசதிப்பட்டால், புவேப்லாவுக்குப் போய் ஒருமுறை காட்டுவதும் நல்லதே.

•

சான் ஹிலாரியோ
21 மார்ச்

படித்தேன். இரண்டாம் முறை படிக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பை இழுத்ததற்காக நான் கத்தினேன். அவள் என் வாயைப் பொத்திச் சொன்னாள்: "கோவம் மட்டும் படாதடி ஒத்தீ. என் கோவந்தான் உங்க அண்ணனக் கொன்னுச்சு." எனக்கு நினைவு தெரிந்து அவள் யார் மேலும் கோபப்பட்டதில்லை. பால்காரன் ஏமாற்றினாலும் சிரிப்பாள். கடைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள், என் மனைவி பரம சாது என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

நீங்கள் கதவைத் திறக்காததை நான் மன்னித்திருப்பேன். இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

சரி, நடந்ததை எழுதுகிறேன். என் அழுகைச் சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டாள். நான் எடுக்கப் போனேன். மதினி குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாத! மூஞ்சப் பாரு, மொளகா அரைச்ச அம்மி மாதிரி. இன்னிக்கி ஆட்டுப்பாலுதான்."

ஆட்டுப்பாலைக் கரண்டியில் கொடுத்தாள். அமாதா துப்பினாள். மறுபடி கொடுத்தாள், மதினியின் கண்ணிலேயே துப்பினாள். உச்சிவெயில் வரை அழுதாள். அந்த ஏலக்காரக் குரலும் கம்மிவிட்டது. என் ரவிக்கை முழுக்க நனைந்து சொட்டியது. தரையில் மூன்று முறை பீய்ச்சினேன், முப்பது முறை பீய்ச்சினேன், கோபம் குறையவில்லை.

"மதினி, எங்க அண்ணன் கோபப்பாலால சாகல. எங்கப்பா எழுதியிருக்காரு."

"பின்ன எதால?"

"புட்டியாலயாம். அவரு கடையில வித்த புட்டி."

மதினி அப்படியே அடுப்பு மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அதை அந்தப் பொம்பளகிட்ட சொன்னாரா?"

"இல்ல."

கரண்டியைக் கீழே வைத்தாள். உங்களுக்கு மதினியைத் தெரியாது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இரண்டுக்கும் அவளுடைய முன்கோபத்தைத்தான் ஊர் காரணம் சொன்னது. அவள் எழுந்து குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "குடு. கோவத்தோடயே குடு. என்னதான் ஆவுதுன்னு பாத்துடுவோம்."

கொடுத்தேன். உங்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே கொடுத்தேன். சாயங்காலம் வரை மதினி குழந்தையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை ஒரு ஏப்பம் விட்டாள், அவ்வளவுதான். மதினி வெளியே போய், ஆட்டுக்குத் தழை போடுகிறேன் என்று சொல்லி, வெகுநேரம் வரவில்லை.

ஆகவே நான் நிறுத்தப் போவதில்லை. புவேப்லாவுக்கும் இப்போது போவதாக இல்லை. போனால் நிறுத்தச் சொல்வார்கள். பறிப்பு முடிந்துவிட்டது, ருஃபினோ கூட்டிப்போகத் தயார். நான்தான் மழைக்காலத்துக்குப் பிறகு, இவள் ரொட்டி தின்னத் தொடங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வலி துளியும் இல்லை. தோல்தான் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாக ஆகிவிட்டது, காம்பு உள்ளே போய்விட்டது. "அந்தப் பக்கத்துக்கு வெக்கம் வந்துடுச்சு" என்கிறாள் மதினி.

இனி உறையின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.

ஒத்தீலியா

•

தெவாக்கான்
1 ஏப்ரல்

ஒத்தீலியா,

இதைத் தபாலில் போடவில்லை. மலைக்கு வரும் காப்பி வியாபாரியிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் முந்தி வரும்.

உடனே புவேப்லாவுக்குப் போ. உடனே. மழைக்காலத்துக்குப் பிறகு அல்ல, அடுத்த வாரம் அல்ல.

ஆரஞ்சுத் தோல், உள்ளே போன காம்பு, வலியில்லாத கட்டி. நீ எழுதிய வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் போனேன். பெயர் சொல்லாமல் படித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே கேட்டார்: "யாருங்க இது? எத்தன நாளா இருக்கு?" இரண்டு மாதம் என்றேன். "இத்தன நாள் யாரு காத்திருக்கச் சொன்னது?" தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது பால்கட்டு இல்லை, ஒத்தீலியா. வெந்நீர்த் துணியில் கரையக்கூடியது இல்லை.

நர்ஸ் சொன்னதுதான் சரி. அதை நான் பின்குறிப்பில் எழுதினேன். "வசதிப்பட்டால்" என்று வேறு எழுதினேன். அந்தச் சொல்லை ஏன் எழுதினேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பால் நிற்கக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. ஒருமுறை நிறுத்தச் சொல்லித் தவறு செய்தேன். இந்த முறை நிறுத்தாதே என்று சொல்லி.

குழந்தையையும் கூட்டிப்போ. நாத்தனாரும் வரட்டும். பாலை மறக்கடிக்கும்படி சொன்னால், கோப்பையில் கொடுங்கள். அகலமான வாயுள்ள கோப்பை, விரல் உள்ளே போய்த் துடைக்கக்கூடியது. பாலைக் கொதிக்கவைத்து அன்றன்றைக்கு. புட்டி வேண்டாம்.

நீ அனுமதித்தால் நானும் புவேப்லாவுக்கு வருவேன். அனுமதிக்கமாட்டாய் என்பதும் எனக்குப் புரிகிறது.

அப்பா

•

புவேப்லா, ஆஸ்பத்திரி
20 மே

அப்பாவுக்கு,

நீங்கள் அனுமதி கேட்டு எழுதிய கடிதம் கிடைத்து ஆறு வாரம் ஆகிறது. நான் பதில் போடவில்லை. கேட்காமலேயே வந்துவிடுவீர்கள் என்று கொஞ்ச நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீங்கள் யார் என்பது நினைவுக்கு வந்தது.

வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளுக்குள்ளும் போயிருக்கிறதாம், முதுகெலும்பிலும் இருக்கிறதாம். முதுகு வலிப்பதை நான் குழந்தையைத் தூக்குவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் இளைஞர். நேராகப் பார்த்து, மழைக்காலம் முடிகிற வரைதான் இருப்பேன் என்றார். உங்கள் பின்குறிப்பு நினைவுக்கு வந்தது. வசதிப்பட்டால்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பாலை நிறுத்தச் சொன்னார்கள். நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாகக் கொடுத்தேன். எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைக்கு இது கடைசி என்று தெரியுமா? பாதியில் விட்டுவிட்டு, எதிரில் ஒருவர் தொப்பி விழுந்ததைப் பார்த்துச் சிரித்தாள். மீதியைக் குடிக்கவேயில்லை. நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன். "வுடுடி, அவளுக்குப் போதுமாம்" என்று மதினி வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாள் கோப்பையைத் தட்டிவிட்டாளாம். நான்காம் நாள் மதினி தன் தலைத்துண்டை விட்டுவிட்டு என்னுடையதைப் போர்த்திக்கொண்டு கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டாள். இப்போது ஒரு வேளைக்கு ஒரு கோப்பை. நீங்கள் சொன்ன மாதிரி அகலக் கோப்பை. விரலை விட்டுத் துடைக்கிறாள் மதினி, தினமும் எனக்குக் காட்டுகிறாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பா. எடை கூடியிருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டி குழந்தை பிறப்பதற்கு முன்பே இருந்திருக்கும், இரண்டு மாதம் முந்தி வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவர் போனதும் மதினி சொன்னாள்: "நல்ல மனுஷன். பொய் சொல்றாரு." எது நிஜமென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியப்போவதில்லை. போகாமல் இருந்தது நான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உங்களிடம் ஒன்று வேண்டும். அமாதா கேட்கிற வயதில் நான் இருக்கமாட்டேன். ஊரில் இப்போதே சொல்கிறார்களாம், அப்பன்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு பால் கொடுத்தாள், பால் விஷமாகி அவள் மார்பிலேயே தங்கிவிட்டது என்று. ருஃபினோ ஒருவனை அடித்துவிட்டு வந்திருக்கிறான். எத்தனை பேரை அடிப்பான்? நாளைக்கு இவளும் ஒரு குழந்தையைப் பெற்றுவைத்துக்கொண்டு, வாய் திறந்து கத்தப் பயந்து சாவாள். அம்மா மாதிரி.

நடந்ததை எழுதிவையுங்கள். யார் என்ன சொன்னார்கள், யார் சொல்லவில்லை, எல்லாம். உங்கள் பங்கையும். அம்மாவுக்குச் செய்ததை எனக்குச் செய்யாதீர்கள்.

வாருங்கள். இது அனுமதி அல்ல. கூப்பிடுகிறேன்.

ஒத்தீலியா

•

தெவாக்கான்
24 மே

ஒத்தீலியா,

இதையும் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பேருந்தில் நானே கொண்டுவருகிறேன். உன் கட்டிலருகே வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. அப்போது இதை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கிற வரை குழந்தையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், உன் நாத்தனார் சம்மதித்தால்.

நீ கேட்டதைத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கம் இது.

"அமாதாவுக்கு. உன் அம்மாவின் தகப்பன் எழுதுவது. உன் அம்மா ஒத்தீலியா உனக்கு ஆறரை மாதம் பால் கொடுத்தாள். அப்போது அவளுக்கு நோய் இருந்தது. நோய் பாலில் இல்லை, கோபத்திலும் இல்லை. கோபத்தோடும் அவள் உனக்குப் பால் கொடுத்தாள், நீ ஏப்பம் விட்டாய். அவளுடைய கோபம் நியாயமானது. அது என்மேல் வந்த கோபம்.

"ஒரு நர்ஸ் சரியாகச் சொன்னாள். நான் அதைப் பின்குறிப்பில் எழுதினேன். உன் பாட்டி தேல்ஃபினாவிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்லாததால், அவள் தன் பால்தான் மகனைக் கொன்றது என்று நம்பியே இறந்தாள். அவள் பால் நல்ல பால். உன் அம்மாவின் பாலும் நல்ல பால்.

"இதை யார் மறுத்தாலும் இந்தத் தாளைக் காட்டு."

இவ்வளவுதான் வந்தது. "நியாயமானது" என்ற சொல் போதுமா என்று தெரியவில்லை. மாதக் கணக்கை ஒருமுறை சரிபார். நான் எங்காவது என்னைத் தப்பவிட்டிருந்தால் அதையும் எழுது. அதற்காக ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். உன் கையெழுத்தும் அதில் இருந்தால் அவளுக்கு நல்லது.

பென்சில் கொண்டுவருகிறேன்.

அப்பா